ஹேர்பின் நின்ற பக்கம்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பையில் மூக்குக்கண்ணாடி இருந்தது, சீப்பு இருந்தது, பாதி படித்த குண்டு நாவல் ஒன்றும் இருந்தது. அவற்றுக்குச் சொந்தக்காரி மட்டும் திரும்பவில்லை.

பல் டாக்டர் பையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தார். பூட்டிக் கிடந்த பழைய வீட்டில் ஈரச் சுவரின் வாடை. அதற்கடியில் மெல்லிசாக, மனைவியின் தலையெண்ணெய் வாசனை.

ஊரில் அவருக்கு 'வலிக்காது' என்று பெயர். ஊசியைக் கையில் எடுத்தால் வாயில் அந்த ஒரு சொல்தான் வரும். அவர் பிடுங்கிய பற்களைக் கொட்டினால் சின்னதாக ஒரு மலை எழும்பும். அவர் சொன்ன 'வலிக்காது'களைக் கொட்டினால் அந்த மலையே மறைந்துபோகும். மனைவி போன அன்று யாரோ அவருக்கே உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை மரத்துப்போகும் ஊசியைக் குத்திவிட்டார்கள் போலிருந்தது. அழுகை வரவில்லை. கொதிக்கக் கொதிக்கக் காப்பி குடித்து நாக்கு வெந்ததுகூட, மறுநாள் தோல் உரிந்தபோதுதான் தெரிந்தது.

"பேசாம எங்கூட வந்திருங்கப்பா," என்றாள் மகள். "இங்க தனியா என்ன பண்ணுவீங்க?"

"படிப்பேன்."

மருந்துச் சீட்டைத் தவிர அப்பா எதையும் படித்து அவள் பார்த்ததில்லை. "எதை? அம்மாவோட அந்தக் கொலைகாரக் காதலனையா?"

"அவன் கடைசில என்ன ஆனான்னு தெரியாமலே போயிட்டாம்மா உங்கம்மா."

நாவலின் அட்டையில் அந்தக் காதலன் ஒரு கையில் ரோஜாவும் மறுகையில் கத்தியுமாக நின்றான். நாயகியை ஏறிட்டுப் பார்த்தவனை எல்லாம் தீர்த்துக்கட்டுவான்; கையைக் கழுவிவிட்டு அவளுக்குப் பூ வாங்கப் போவான். அதைப் படித்துவிட்டு மனைவி இவரை ஏற இறங்கப் பார்ப்பாள். "நீங்க எனக்காக ஒரு கொசுவையாவது அடிச்சிருக்கீங்களா?"

நிறுத்திய பக்கத்தில், தலையிலிருந்து உருவிய கறுப்பு ஹேர்பின்னைச் செருகி வைப்பது அவள் வழக்கம். கதையின் முடிவு தெரியும்வரை சோறு இறங்காது, தூக்கம் பிடிக்காது. தெரிந்துவிட்டால், அந்தப் புத்தகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

மத்தியானங்களில் அவள் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஹேர்பின் புத்தகத்தின் நடுவில் இருந்தது. ஒருநாள் பார்த்தால், ஒரு அத்தியாயம் தள்ளி இருந்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தார். காற்று பக்கத்தைப் புரட்டும், சரி. பின்னை உருவிச் செருகுமா?

மறுநாளும் நகர்ந்திருந்தது.

"நீதானா?" என்று மெல்லக் கேட்டார்.

ஜன்னல் சாத்தியிருந்தது. ஒரு பக்கம் புரண்டது.

பயப்பட வேண்டிய இடம்தான். அவருக்குப் பயமும் மரத்துப் போயிருந்தது. ஆனால் பின் கடைசிப் பக்கங்களை நெருங்க நெருங்க, வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. முடித்துவிட்டால் போய்விடுவாளே!

கடைசி அத்தியாயத்தைக் கடைவாய்ப் பல்போல ஆட்டி ஆட்டி, வேரோடு பிடுங்கினார். "வலிக்காது," என்று பழக்க தோஷத்தில் புத்தகத்திடமும் சொன்னார். ஒரு வரிகூடப் படிக்காமல் அடுப்பில் எரித்தார்.

மறுநாள் மத்தியானம் அவர் கண்ணயர்ந்து எழுந்தபோது பீரோ திறந்து கிடந்தது. மெத்தை புரண்டு கிடந்தது. தலையணைகள் கிழிந்து வீடெல்லாம் பஞ்சு.

அவரைப் பார்க்க வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "திருடனாப்பா?"

"இல்ல. தேடியிருக்கா."

"யாரு? அப்பா... உங்க கால்ல என்னது?"

குனிந்து பார்த்தார். சுண்டுவிரல் சதையை ஹேர்பின் கவ்வியிருந்தது. சுற்றிலும் ரத்தம் காய்ந்திருந்தது.

அவருக்குத் தெரியவே இல்லை.

மகள் அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள், வீட்டைப் பூட்டினாள், அப்பாவைக் கையோடு தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். மறுநாள் அது அவர் முழங்காலில் இருந்தது. அவள் நசுக்கிக் குப்பையில் போட்டாள். அடுத்து இடுப்பில்.

"எனக்கு பயமா இருக்குப்பா. டாக்டர்கிட்ட போலாம்."

"நானே டாக்டர்தானேம்மா," என்றார் அவர். "முடிவ எரிச்சுட்டேன்ல? அதான் உங்கம்மா என்னைப் படிக்கிறா. இன்னும் எத்தனை பக்கம் பாக்கின்னுதான் தெரியல."

மகள் அழுதுகொண்டே சமையலறைக்குள் போனாள். கூடத்தில் அவர் மட்டும். எதிரே காலி நாற்காலி. மனைவியின் தலை அதில் சாய்ந்ததே இல்லை. ஆனாலும் எண்ணெய் வாசனை வந்தது.

சட்டைக்குள் சுருக்கென்றது.

பொத்தானைக் கழற்றினார். இடது மார்பில், துடிப்பு தெரியும் இடத்தில், கறுப்பாக அது.

அடிவயிறுவரை வலி இறங்கியது. மனைவி போனபின் அவர் உணர்ந்த முதல் வலி. கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது.

"வலிக்குதுடி," என்றார்.

பக்கம் புரட்ட விரலை நாக்கில் தொடும் சத்தம், எதிர் நாற்காலியிலிருந்து கேட்டது.

"வலிக்காது," என்றது அவள் குரல், அச்சு அசல் அவர் சொல்வதைப் போலவே.