நாலாவது வாளி

வெள்ளிக்கிழமை, காலை 7.40. நாரணாபுரம் தாண்டி, மூடிக்கிடந்த பட்டாசுக் கம்பெனிக்குப் பின்னால் ஆடு புதைத்த குழி கலைந்து கிடந்தது.

கால்நடை டாக்டர் யோகலட்சுமி யாரையும் குழிப்பக்கம் விடவில்லை. விடுவாளா பின்னே? அடைப்பான் நோயில், அதாவது ஆந்த்ராக்ஸில், செத்த வெள்ளாடு அது. திங்கட்கிழமை சாயங்காலம் அவளே நின்று புதைத்தாள். அறுக்க விடவில்லை, உரிக்க விடவில்லை, கழுத்து மணியைக்கூடக் கழற்ற விடவில்லை. அப்படியே ஆறடியில் இறக்கி, சுண்ணாம்புக் கட்டியைக் கொட்டி மூடினாள்.

"எவனோ கறிக்குத் தோண்டியிருக்கான்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர் ராஜபாண்டியன். "ஞாயித்துக்கிழமை கோயில் கொடைத் திருவிழா வேற."

"எதுக்குத் தோண்டினாலும் சரி சார், தொட்டவன் இன்னைக்கே மருந்து எடுத்தாகணும். இல்லேன்னா ஆளு போயிருவான்."

குழியைத் திறந்து பார்க்கவும் வழியில்லை. அந்தக் கிருமி மண்ணில் வருஷக்கணக்காகக் கிடக்கும். சூலக்கரையில் இருக்கும் மேலதிகாரிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, வேலிக்கு வெளியே நின்றே பார்த்தாள். சுற்றிலும் கரிசல். குழியின் மேல் மட்டும் ஒரு வாளி அளவுக்கு வெளுத்த ஆற்று மணல்.

9.15. கறிக்கடை முனியராஜ். கையெல்லாம் சுண்ணாம்பு.

"ஏலே, செத்த ஆட்டை விலைக்குக் கேட்டியாமே?"

"கேட்டேன் சார். டாக்டரம்மா விரட்டிட்டாக. அதோட விட்டுட்டேன்."

"கையில என்னலே சுண்ணாம்பு?"

"கொடைக்குக் கடைய வெள்ளையடிக்கேன். சுவரைத் தொட்டுப் பாருங்க, ஈரம் காயல."

ராஜபாண்டியன் கேட்கிற ஆளா? ஜீப்பில் ஏற்றிவிட்டார். யோகலட்சுமிக்கு மனசு ஒப்பவில்லை. கறி திருட வந்தவன் குழியை மூடிவிட்டா போவான்? அதுவும் மணல் சுமந்து வந்து?

10.30. முனியராஜோடு ஜீப் கம்பெனி வாசலில் வந்து நின்றது. வாட்ச்மேன் கருப்பணன் ஒற்றை ஆளாக நின்றார். ஆட்டை வளர்த்தவர் அவர்தான். கம்பெனி மூடி எட்டு மாசம். கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை இழுத்து விட்டிருந்தார்.

"ராத்திரி ஏதும் சத்தம் கேட்டுச்சாண்ணே?"

"இங்கன என்ன தாயி சத்தம்? ஒரு ஆடு இருந்துச்சு. அதுவும் போச்சு."

யோகலட்சுமியின் கண் அவர் பின்னால் போனது. தீயணைக்கிற சிவப்பு வாளிகள் நாலு தொங்கின. மூன்றில் மணல். நாலாவது காலி.

"நாலாவது வாளி மணல் எங்கண்ணே?"

கருப்பணன் சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்து விட்டுக்கொண்டார்.

அவள் ராஜபாண்டியன் பக்கம் திரும்பினாள். "முனியராஜை இறக்கி விடுங்க சார். திங்கட்கிழமை ராத்திரி தூறல். தோண்டின குழியில ஈரம் பட்டதும் சுண்ணாம்பு கொதிச்சுப் புகைஞ்சிருக்கும். வேற ஆளா இருந்தா பயந்து ஓடியிருப்பான். புகையைக் கண்டதும் மணல் வாளியைத் தேடி ஓடுற கை, பட்டாசுக் கம்பெனிக் கை. வளர்த்தவர் கறிக்குத் தோண்டமாட்டார்; கறி எங்கயும் போகலை. போனது மணி."

"மணியா?"

கருப்பணன் சட்டைக் கையைச் சுருட்டினார். முன்கையில் ஒரு கொப்புளம், நடுவில் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"வலிக்கவே இல்ல தாயி. அதான் சும்மா இருந்துட்டேன்."

"வலிக்காதுண்ணே. அதான் அந்த நோயோட சூது. எதுக்குண்ணே இந்த வேலை?"

"அது அசைஞ்சா மணி கேக்கும். சரி, நம்ம கூட ஒரு உசுரு இருக்குன்னு தூங்குவேன். அன்னைக்கு ராத்திரி கண்ணை மூட முடியல."

உள்ளே கட்டில் காலில் மணி கட்டியிருந்தது. கையுறை போட்டு அவிழ்த்து, இரட்டைப் பையில் போட்டு முடிந்தாள். தன் குவார்ட்டர்ஸில் துணைக்கு ஒரு சத்தம் வேண்டி, யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டி.வி. ஞாபகத்துக்கு வந்தது.

11.05. ஆம்புலன்ஸ் வந்தது. கருப்பணன் படியில் கால் வைக்காமல் நின்றார்.

"என்னையத் தனி ரூம்புல போட்டுருவாகளா தாயி?"

"இல்லண்ணே, இது ஆளுக்கு ஆளு ஒட்டாது. பொது வார்டுதான். சுத்தி இருபது பேர் இருப்பாக."

"இருபது பேரா?" என்று கேட்டவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறி உட்கார்ந்தார்.