கொழும்புக்கு ஒரு சுற்றுவழி

"காலமையிலயிருந்து திருகோணமலை கேக்கிறன்... யாழ்ப்பாணத்தில எல்லாரும் நித்திரையோ?"

ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரில், ரெலிபோன் பலகைக்கு முன்னால் இருந்து மீனலோசனி சீறினாள். எழுபத்து மூன்றாம் ஆண்டு, கார்த்திகை மழை. அவள் வேலைக்கு வந்த முதல் மாதம்.

மறுமுனையில் யாழ்ப்பாண ஒப்பரேட்டர் செல்வரத்தினம் சிரித்தான். அவள் கேட்ட கோலை, அந்த அழைப்பை, அவன் அடுத்த எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்தானாம். அங்கே லைன் விழுந்திருந்ததால், யாழ்ப்பாணத்துக்கு வேறு வழி தெரிந்திருக்கும் என்று அவர்கள் அவனிடமே திருப்பிவிட்டார்களாம். அவன் மறுபடியும் அவர்களிடம்...

"அப்ப ஆளை ஆள் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறியள்," என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் முதல் அவன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். காலையில் அயல் எக்ஸ்சேஞ்சுகளை ஒவ்வொன்றாக அழைப்பான். எந்த லைன் வேலை செய்கிறது, யாருக்கூடாக எந்த ஊருக்குப் போகலாம் என்று கேட்பான். கேட்டதை மற்றவர்களுக்கும் சொல்வான். முழு இலங்கையும் ஒருவருக்கும் தெரியத் தேவையில்லை, அடுத்தவன் யார், அவனுக்கூடாக எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் காணும் என்பான். ஊர்காவற்றுறையிடம் கேட்பதற்கு இருந்தது ஒரே ஒரு லைன்தான். அதைக் கேட்கத்தான் அவனுக்கு அதிக நேரம் பிடித்தது...

அடுத்த வருடம் ஆனியில் நயினாதீவுத் திருவிழா. குறிகட்டுவானில் வள்ளத்துக்கு நின்ற சனத்துக்குள், "தள்ளாதேங்கோ, பிள்ளையள் நிக்கினம்," என்று ஒரு குரல். தினமும் லைனில் கேட்கிற குரல் என்று மீனலோசனிக்குத் தெரிந்துவிட்டது. இவனா? இந்த மெலிந்த, கறுத்த, பெரிய கண்காரனா? மெல்ல அருகில் போய், வேறெங்கோ பார்த்தபடி சொன்னாள்.

"ஹலோ... ஊர்காவற்றுறை."

அவன் திரும்பினான். கடற்காற்றில் அவள் தலைமயிர் முகத்தில் விழுந்து கிடந்தது. அதை விலக்கிய விரல்களையும் பிறகு கண்களையும் பார்த்தவன், வள்ளம் கரை சேரும் வரைக்கும் ஒரு சொல்லும் பேசவில்லை. பலகைக்கு முன்னால் அவ்வளவு கதைக்கிறவன்...

புரட்டாதியில் அவள்தான் கேட்டாள், தன் ஊரான வேலணைக்கு வந்து அப்பாவோடு கதைக்க ஏலுமோ என்று. இரண்டு தங்கச்சிமார் கலியாணம் ஆகாமல் வீட்டில் இருக்கினம், இப்ப வாய் திறக்க ஏலாது என்றான். பொறுத்திரும் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இனி வேலைக் கதை மட்டும் கதைப்போம் என்றாள் அவள். அவனுக்கும் ரோசம். காலையில், "லைன்?" என்பான். "இருக்கு," என்பாள்.

கார்த்திகையில் மழையோடு அவளுடைய தகப்பன் ஐயாத்துரை தபாற்கந்தோருக்கு வந்தார். கொழும்பில் கடை வைத்திருக்கும் குடும்பம் ஒன்று அவளைப் பெண் கேட்டிருந்தது. அன்றைக்கே முடிவு சொல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பார்கள். கொழும்பைப் பிடித்துத் தரச் சொல்லி மகளிடமே கேட்டார்.

நேர் லைன் செத்துப்போச்சு என்றான் செல்வரத்தினம். அவளுக்கு மூச்சு வந்தது.

"அப்ப ஏலாதெண்டு சொல்லட்டோ?"

அந்தக் குரலில் இருந்த நிம்மதி அவனுக்கு ஏளனமாகக் கேட்டது. தன்னால் ஏலாதாமோ? பொறுக்கச் சொன்னான். வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, பதுளை, கண்டி என்று ஒவ்வொரு ஊராய்க் கேட்டுக் கேட்டு, தீவையே சுற்றி, கொழும்பை அவள் கையில் கொடுத்தான். அவள் தகப்பனுக்கு இணைத்தாள். தெளிவாகக் கேட்கிறதோ என்று பார்க்க அவனும் காதைக் கொடுத்தான்.

"எங்களுக்குச் சம்மதம்," என்று ஐயாத்துரை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "கலியாணத்தைத் தையில வைப்பம். மீனலோசனிக்கும் விருப்பம்தான்."

லைன் நல்ல துப்புரவு என்று மகளை மெச்சிவிட்டு அவர் குடையை விரித்துக்கொண்டு போனார். சற்று நேரத்தில் யாழ்ப்பாணம் அழைத்தது.

"ஆருடைய கோல் எண்டு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

இரைச்சலுக்கூடாக அவன் குரல் வந்தது.

"எனக்கு உம்மில விருப்பம், மீனா. முதல் நாளிலயிருந்து."

"எனக்கும்தான்," என்றாள். "இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு ஊரையும் கேக்க வேண்டியிருக்கேல்லை. இப்ப அப்பா வாக்குக் குடுத்திட்டார்."

வெளியே ஒரு கிழவர் பருத்தித்துறைக் கோலுக்குக் காத்து நின்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பருத்தித்துறை வேணும் என்றாள்.

அவன் கொடுத்தான்.