இரைச்சல் இறங்கிய குழி

1976ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, விக்டோரியா அக்காவின் வீட்டுக்குள் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நுழைந்தேன். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலைக்குப் பின்புறம், தொழிலாளர் குடியிருப்பின் கடைசி வீடு அது. நான் பி.எஸ்ஸி. பௌதிகம் இரண்டாம் ஆண்டு. எப்போதோ ஒரு ரேடியோவின் தலையில் தட்டினேன், அது பாடிவிட்டது. அன்றிலிருந்து ஊரில் நான் விஞ்ஞானி துளசி. மறுப்பு வெளியிடாதது என் குற்றம்.

அக்காவின் கணவர் தானியேல் அந்த ஆலையில் கலாசி. பாரத்தைக் கயிறு கட்டித் தூக்கும் வேலை. போன வருஷம் உலைக்குப் பக்கத்து மேடையிலிருந்து குழிக்குள் விழுந்து செத்துப்போனார். அப்போது அக்காவுக்கு ஏழு மாதம். பிறக்கப்போகும் குழந்தைக்கென்று அவர் ஒரு பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டரில் நாலு நிமிஷம் பேசி வைத்திருந்தார். பிறந்த குழந்தை மேரிக்கு அப்பா என்றால் அந்தக் குரல்தான். கல்யாணப் போட்டோவில்கூட அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அந்தக் குரலும் சரியாகக் கேட்கவில்லை என்பதுதான் பிரச்சினை. ஆலையின் மின்சார உலை ஓடும்போதெல்லாம் வீட்டுக்கு வரும் கரண்ட்டோடு இரைச்சலும் சேர்ந்தே வந்தது. டேப்பைப் போட்டால் ஓர் உறுமல். அதற்கு அடியில், போர்வைக்குள் முகத்தைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல் தானியேல். உலை மூன்று ஷிப்டும் ஓடியது. அது நின்ற நேரத்தில் கரண்ட்டும் நின்றது.

"இந்தப் பொட்டி இன்னா பண்ணும் தம்பி?"

"கரண்ட்ட வடிகட்டும்க்கா. நல்லது ஸ்பீக்கருக்கு. வேண்டாதது மண்ணுக்கு."

"டிகாஷன் மாதிரி," என்றான் யேசுதாஸ். தானியேலின் தம்பி, அதே ஆலையில் வேலை. "காப்பி போடவும் இவனையே கூப்டுக்கலாம் அண்ணி."

பெட்டிக்குள் இருந்தவை நான் சுற்றிய இரண்டு செம்புக்கம்பிச் சுருள்கள், நாலு கண்டென்சர், ஒரு ஃபியூஸ். மூடியின்மேல் மூன்று பிளக் பாயின்ட். இரைச்சல் மண்ணுக்குப் போக எர்த் வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ஆறடிக் குழி தோண்டி, ஓர் இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் உப்பும் அடுப்புக்கரியும் போட்டு மூட வேண்டும். குழாயை யேசுதாஸ் கொண்டுவந்தான். அந்தக் குடியிருப்பில் கொடிக்கம்பி, கோழிக்கூண்டு, தொட்டில் சங்கிலி எல்லாமே ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து வந்தவை. எது எங்கே இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

மூடியதும் அக்கா ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். எர்த் குழி காயக் கூடாது. தண்ணீர் உள்ளே இறங்கும் சத்தம், ஒரு குடத்துக்குத் தேவையானதைவிட நீண்ட நேரம் கேட்டது.

பெட்டியைச் சொருகினேன். உறுமல் நின்றது.

"கண்ணு, ஒன் நைனா பேசறேன்."

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மேரி தவழ்ந்து வந்து ஸ்பீக்கர் துணிமேல் கை வைத்தது. நாலு நிமிஷம். டேப் முடிந்து அதன் வால் படபடவென்று அடித்துக்கொண்டது. ரெக்கார்டரை நிறுத்தினேன்.

ஸ்பீக்கரில் மூச்சு கேட்டது.

ஆம்ப்ளிஃபயர் கோளாறு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"தாசு," என்றது ஸ்பீக்கர், மிக மெல்ல. "புடிச்ச கம்பி கையோட வந்துடுச்சுடா."

அறைக்குள் பழுக்கக் காய்ந்த இரும்பின் வாடை. அதன் பின்னால் முடி பொசுங்கும் வாடை.

யேசுதாஸ் பின்கதவு வழியாகக் குழியைப் பார்த்தான். "அண்ணன் வுழுந்தப்புறம் மேடைக்குப் புதுக் கைப்பிடி போட்டாங்க. பழசக் கழட்டி குப்பையில கடாசிட்டாங்க. நான் பாக்கல துளசி. கொழாய்னு தூக்கிகினு வந்துட்டேன்."

நான் போய் எர்த் கம்பியைக் கழற்றினேன். உறுமல் திரும்பியது. மூச்சு இல்லை.

"கட்டு தம்பி," என்றாள் அக்கா.

"அக்கா, அது வந்து..."

"அது இல்ல. அவுரு. கட்டு."

கட்டினேன்.

அப்புறம் இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. பரீட்சை என்று சொன்னேன். எனக்குப் பரீட்சை எப்போதும் உண்டு. யேசுதாஸ்தான் தேடி வந்தான். அக்கா டேப்பைப் போடுவதே இல்லையாம். வெறும் ஸ்பீக்கருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறாளாம். அடுப்பு எரிந்து மூன்று நாள். குழிக்கு மட்டும் ஒரு நாளைக்கு இருபது குடம்.

"'இருட்டா கீது விக்டோரியா'ன்னு ஸ்பீக்கரு சொல்லிகினே கீது. கொழந்த அந்தத் துணிமேல மூஞ்ச வச்சிகினு தூங்குது. பால்கூடக் கேக்கல. வந்து கழட்டிடு துளசி."

கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து யேசுதாஸோடு போனேன். பட்டப்பகல், பதினொரு மணி. உலையும் நின்றிருந்தது. பெட்டியைப் பிடுங்கி வெளியே வைத்தேன். எர்த் கம்பியை அதிலிருந்து கழற்றி, சுருட்டுவதற்காக விரலில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். அக்கா தடுக்கவில்லை. மேரியை இடுப்பில் வைத்துக்கொண்டு, குடத்தோடு பின்கதவருகில் நின்று பார்த்தாள்.

கம்பியின் ஒரு முனை என் கையில். மறுமுனை மண்ணுக்குள்.

கம்பி விறைத்தது.

ஓர் இழுப்பு.

இன்னொன்று. அளவாக, பழகிய கை இழுப்பதுபோல.

"குழிக்குள்ள எறங்கினவன்," என்று யேசுதாஸ் கிசுகிசுத்தான், "கயித்த ரெண்டு வாட்டி இழுத்தா..."



"மேல தூக்குன்னு அர்த்தம்," என்றாள் அக்கா.

குடத்தை இறக்கி வைத்தாள். மேரியை யேசுதாஸ் கையில் கொடுத்தாள். கடப்பாரை எடுக்க உள்ளே போனாள்.

என் விரலில் கம்பி மறுபடி இரண்டு முறை இழுத்தது. இந்த முறை அவசரமாக.