ஸ்வாப்புக்கு ஒதுக்கிய இடம்

இடுப்பு விட்டுப்போயிற்று. காலையிலிருந்து குனிந்தே, ஆலை எந்திரத்தைக் கண்காணிக்கும் யூனிக்ஸ் கணினிப் பெட்டிக்குப் புது வட்டு மாட்டிய கலேர்வோ நிமிர்ந்து திரையைப் பார்த்தான். எந்த வேலையும் ஓடவில்லை. ஆனால் ஸ்வாப் நிறைந்திருந்தது.

பிற்பகல் மணி மூன்றுதான், வடகோடி நாட்டு டிசம்பர், வெளியே கும்மிருட்டு. கீழே காகித எந்திரத்தைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள். ஆனாலும் ஈரக்கூழின் அழுகல் நாற்றம் இரும்புப் படிகள் வழியே ஏறி, அறையின் சூட்டில் புளித்து, அவன் காப்பிக் கோப்பைக்குள்ளும் இறங்கியிருந்தது.

வட்டில் ஒரு பாகம் பூட். பெட்டி விழித்தெழுவது அதிலிருந்து. இன்னொன்று ஸ்வாப், நினைவகத்தில் கொள்ளாததை இறக்கிவைக்கும் இடம். போன வருஷம் சோம்பலில் அதைக் குறுக்கிவைத்தவன் கலேர்வோ. அந்த டிசம்பரில் சுதந்திர தினத்தன்று அவனுடைய ஷிப்டைச் சக ஊழியன் ரெய்னோ பார்த்தான். "எனக்கும் ஒரு நாள் நீ பாக்கணும், ஏமாத்திராத" என்று சிரித்துவிட்டுத்தான் போனான். அன்று ஸ்வாப் நிரம்பித் திரை உறைந்தது. எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. ஈரக் காகிதத்தைப் பிழியும் அழுத்து உருளைகள் ரெய்னோவின் இரண்டு கைகளையும் தோள்வரை இழுத்துக்கொண்டன. அங்கேயே செத்தான். விசாரணையில் கலேர்வோ சொன்னான்: "அவன்தான் கவனமில்லாம இருந்தான்." எல்லோரும் நம்பினார்கள்.

தொலைபேசி அலறியது. கீழே மேற்பார்க்கும் சிர்க்கா. போன மாதம்தான் வேறு ஆலையிலிருந்து வந்தவள்.

"என்னப்பா, அந்தப் பொட்டியையே கட்டிக்கிட்டியா?"

"ஸ்வாப் நெறைஞ்சுகிட்டே இருக்கு, சிர்க்கா."

"பெருசாக் குடேன். கஞ்சப்பய மாதிரி கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தா?"

இரண்டு மடங்கு கொடுத்தான். நிறைந்தது. நான்கு மடங்கு. நிறைந்தது. வட்டின் விளக்கு மூச்சு வாங்குவதுபோல் மங்கி எரிந்தது. வட்டின் பூஜ்யத்திலிருந்தே, முதல் துண்டிலிருந்தே, ஸ்வாப்பைத் தொடங்கினான். எந்தப் பாகம் எங்கே என்ற குறிப்பு இருப்பதே அந்த முதல் துண்டில்தான். அது அழிந்தது. அதோடு பூட் பாகமும் போயிற்று. இனி இந்தப் பெட்டி எழுந்திருக்க வழியே இல்லை.

பெட்டியை அணைத்து மறுபடி போட்டான்.

எழுந்தது.

திரையில் எந்திரத்தின் படம். உருளைகள் எல்லாம் சிவப்பு, நிற்கின்றன. அழுத்து உருளை மட்டும் பச்சை, ஓடுகிறது.

மறுபடி தொலைபேசி. சிர்க்காவின் குரல் இறங்கியிருந்தது.

"ஏம்ப்பா, உருளைகிட்ட ஒருத்தன் நிக்கிறானே, யாரு? நம்ம மில்லு கோட்டுதான், சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. கை ரெண்டும்... அட்டை மாதிரி தட்டையாத் தொங்குது."

"பேசுனானா?"

"உன் ஷிப்டு முடியலையாம். உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தானாம். இந்தா, படியேறிட்டான்."

இரும்புப் படி.

இன்னொரு படி.

ஈரக் காகிதம் இழுபடும் சத்தம்.

கதவைத் தாழிட்டான். விளக்கு மூச்சு வாங்கியது. கதவின் அடி இடுக்கு வழியே இரண்டு கைகள் நுழைந்தன. எலும்பில்லை. சாம்பல் நிறம், காகிதக் கனம். விரல்கள் தரையைத் தடவித் தடவி நீண்டன. நீண்டுகொண்டே வந்தன. அவன் கணுக்காலைச் சுற்றின.

கலேர்வோ ரெய்னோவுக்கு ஒரு ஷிப்ட் பாக்கி.