ஒரு பக்கம் மட்டும் கருகிய துணி

வெர்னா ஸ்டிடம் முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு கையாலும் ஒரு தகர டப்பாவைப் பிடித்திருந்தார்.

"எல்பர்ட், நாளைக்கு என்னைக் கிளப்பை விட்டே தூக்கப் போறாங்க."

எல்பர்ட் கூம்ஸ் கென்டக்கி மலைப்பாதைகளில் முப்பது வருடம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். எதையும் அவசரப்பட்டுப் பிரிக்காத பழக்கம் அப்போது வந்தது. ஊரில் ஏதாவது புதிர் என்றால் அவரிடம்தான் வருவார்கள். எதிரே சோளரொட்டி தின்றுகொண்டிருந்த நாவிதர் டூயி, தன்னை அவருடைய உதவியாளராகத் தானே நியமித்துக்கொண்டவர்.

"யாரு தூக்கறது? கர்னலா? ஆளை இப்பவே பிடிச்சுக் கட்டிடலாமா?" என்று டூயி எழுந்தார்.

"ரொட்டியை முழுங்கிட்டுப் பேசு, டூயி. நீ சொல்லும்மா, வெர்னா," என்றார் எல்பர்ட்.

துப்பாக்கி சுடும் கிளப்பில் இருபது பேர். குழல்வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் திணித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிகள். குண்டைச் சுற்றிப் பிடிக்க, கொழுப்பு தோய்த்த சிறு துணி வட்டம் வேண்டும். சுட்டதும் அது சில அடி தள்ளிப் புல்லில் விழும். கொழுப்பு சரியாக இருந்தால் நடுவில் கரி படிந்து முழுசாகக் கிடக்கும்; காய்ந்திருந்தால் கருகும். இருபது பேருக்கும் துணி செய்து கொடுப்பவர் வெர்னா. போன ஞாயிறு கர்னல் வின்ஃப்ரீ சுட்டபோது ஒரு துணி கனன்றபடி விழுந்து, காய்ந்த புல் பற்றி, இலக்குக் கொட்டகை எரிந்துபோனது. நிலத்துக்காரர் ஹோபார்ட் லிட்டில், யார் தப்பு என்று தெரியாவிட்டால் மைதான வாசலையே பூட்டிவிடுவதாகச் சொன்னார். கர்னல் வெர்னாவைக் கை காட்டினார்.

"எப்படிச் செய்யறே?"

"துணியை ரெண்டு தடவை துவைச்சுக் கஞ்சிய எடுப்பேன். ஆட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் உருக்கி முக்கி, தகரத்துல படுக்க வெச்சு ஆற விடுவேன். எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு வேலைதான், எல்பர்ட்."

அன்று மாலையே எல்பர்ட்டும் டூயியும் மைதானத்துக்குப் போனார்கள். கர்னல் நின்ற இடத்துக்கு முன்னால், எரியாத புல்லில் ஆறு வட்டங்கள் கிடைத்தன. ஆறிலும் ஒரு விளிம்பு மட்டும் பிறை போலக் கருகியிருந்தது. எதிர் விளிம்பு எண்ணெயில் ஊறிக் கிடந்தது.

பிறகு கர்னலைப் பார்த்தார்கள். அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. 'கர்னல்' என்பது மாநிலம் தபாலில் அனுப்பிய கௌரவம். கொண்டுபோய்க் கொடுத்ததே எல்பர்ட்தான். தொப்பியில் வான்கோழி இறகு ஆட, கர்னல் சுடாத வட்டம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"டப்பாவுல இருந்து எடுத்தபடியே போடறேன், கூம்ஸ். அந்தம்மா செஞ்ச லட்சணம் பாருங்க."

எல்பர்ட் அதைத் தேய்த்தார், முகர்ந்தார். காய்ந்த விளிம்பில் அழுந்தியிருந்த இரண்டு சிறு பள்ளங்களை டூயியிடம் காட்டினார். "எலி கடிச்சிருக்கு!" என்று டூயி கிசுகிசுத்தார்.

மறுநாள் கிளப் முழுவதும் மைதானத்தில் கூடியது.

"வெர்னாவோட துணியில கை வெச்சா மெழுகு ஒட்டும். கர்னல் துணியில வெறும் எண்ணெய்தான் ஒட்டுது," என்றார் எல்பர்ட். "அவ கொழுப்பை யாரோ வெந்நீர்ல கழுவி எடுத்திருக்காங்க. படுக்க வெச்சு ஆறின துணியில கொழுப்பு ஒரே சீரா இருக்கும். இதுல எண்ணெய் பூரா ஒரு பக்கமா இறங்கியிருக்கு. அப்ப துணி தொங்கியிருக்கணும். தொங்கினா மேல் விளிம்பு காயும். காஞ்ச விளிம்புதான் கருகும். அதே விளிம்புல ரெண்டு பள்ளம். எலி இல்ல டூயி, துணிக் கிளிப்பு."

எல்லோரும் கர்னலைப் பார்த்தார்கள்.

"எங்க முப்பாட்டனார் கரடி எண்ணெயிலதான் சுட்டார்," என்றார் கர்னல் விறைப்பாக. "வம்சத்து வழக்கம். நானே சுட்ட கரடி."

"நிலக்கடலை வாசனை வருதே, கர்னல் சார்," என்றார் எல்பர்ட்.

"அது... அந்தக் கரடி கடலைக் காட்டுப் பக்கம் மேயறது."

"பாட்டில்ல அடைச்சு, மூடி போட்டா மேயுது?" என்றார் டூயி. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. இருபது குட்டி வட்டங்களைக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டுவிட்டு, கீழே கைகட்டி நிற்கும் கர்னலை ஒவ்வொருவரும் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கர்னல் தொப்பியைக் கழற்றினார். "வெர்னா, கழுவினது நான்தான். சொல்ல வெட்கமா இருந்துச்சு. மன்னிச்சுடு. கொட்டகையை நானே கட்டித் தரேன்."

ஹோபார்ட் லிட்டில் முன்னால் வந்தார். தன் துப்பாக்கியில் மருந்து போட்டார். வெர்னாவின் டப்பாவிலிருந்து ஒரு வட்டத்தை எடுத்துக் குண்டோடு திணித்தார். யாரோ தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார்கள். ஹோபார்ட் கையசைத்து வேண்டாம் என்றார். தன் காய்ந்த புல்லுக்கு மேலேயே சுட்டார்.

புகை விலகியதும் நடந்துபோய் எடுத்துவந்தார். நடுவில் காசளவு கரி. விளிம்பு முழுக்க வெள்ளை. அதை வெர்னாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"அடுத்த ஞாயிறுக்கு எனக்கு மூணு டஜன் வேணும்மா."

வெர்னா எல்பர்ட்டைப் பார்த்தார், ஹோபார்ட்டைப் பார்த்தார். "நன்றிங்க," என்றார். அதையே மூன்று தடவை சொன்னார்.

முதலில் கைதட்டியவர் கர்னல். ஏற்பாடு முழுவதும் தன்னுடையதுதான் என்பது போலத் தட்டினார்.