ஊமை மேட்டுக்குள் ஒரு வீடு

பூபாலசிங்கம் மாஸ்டருக்கு முதலில் கேட்டது மேலே யாரோ நடக்கிற சத்தம். அந்த வீட்டுக்கு மேல்மாடி கிடையாது. ஓட்டில் பூனை ஓடினால் எப்படிக் கேட்கும், காகம் குந்தினால் எப்படிக் கேட்கும் என்பதெல்லாம் அவருக்குப் பழகிப் போயிருந்தது. இது வேறு. ஓட்டுக்கும் மேலே, நல்ல உயரத்தில், சப்பாத்துக் கால்கள் அவசரமில்லாமல், காற்று வாங்க வந்தவருடைய கால்கள் போல நடந்து போயின. பட்டப்பகல். அவர் நிமிர்ந்து பார்த்தார். கூரையின் மூலையில் ஒட்டடை மட்டும் மெல்ல ஆடியது.

சாவகச்சேரியில் சரித்திரம் படிப்பித்தவர் அவர். கனடாவில் இருக்கிற மகளிடம் போவதற்கென்று கொழும்புக்கு வந்தார். விசா இழுபட்டது; அதற்குள் வடக்கிலிருந்து வருகிற தமிழர் கொழும்பில் தங்குவதற்கு எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவும் காலாவதியாகிவிட்டது. சண்டை உச்சத்தில் இருந்த நேரம். பதிவில்லாமல் றோட்டில் இறங்கினால் நேரே உள்ளேதான். கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றில் தனியாக இருந்த பேர்ணடெற் என்கிற விதவை, தன் பின்னறையை அவருக்கு விட்டிருந்தா. பிடிபட்டால் தனக்கும் சேர்த்துத்தான் விலங்கு என்று தெரிந்தே விட்டிருந்தா. அதனால் மாஸ்டர் வாசல்படி தாண்டுவதில்லை. யன்னலைக்கூடத் திறப்பதில்லை.

சும்மா இருந்து மனுசனுக்குப் பைத்தியம் பிடிக்கப் போகுது என்று கண்டு, பேர்ணடெற்றின் புருசனுடைய பழைய சிநேகிதர் நிலாம் ஒரு வேலை கொண்டுவந்தார். மாளிகாவத்தையில் பழைய படங்களும் வரைபடங்களும் வாங்கி விற்கிறவர் அவர். கொட்டாஞ்சேனையில் ஒரு குன்று, அதன் உச்சியில் இருந்து பார்த்தால் துறைமுகம் முழுக்கத் தெரிகிறது என்று காட்டும் அச்சுப்படங்கள் அவரிடம் கொஞ்சம் இருந்தன. இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே அப்படியொரு குன்றைத் தெரியாது. அதன் கதையை ஒரு பக்கத்தில் எழுதித் தந்தால் படங்களோடு சேர்த்து வைக்கலாம் என்றார்.

"மலையொண்டு சும்மா காணாமப் போகுமா மாஸ்டர்? தேடிப் பாருங்க."

நிலாம் கொண்டுவந்து தந்த வரைபடங்களிலும் பழைய புத்தகங்களிலும் மாஸ்டர் தேடினார். ஒல்லாந்தர் காலத்து வரைபடத்தில் அந்தக் குன்று ஒரு மயிர்க்கொட்டிப் புழு சுருண்டு கிடப்பதைப் போல இருந்தது. பக்கத்தில் அவர்களுடைய எழுத்தில் ஊமை மேடு என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்து அச்சுப்படத்தில் குடை பிடித்த இரண்டு துரைசானிமார் உச்சியில் நின்று கப்பல் பார்த்தார்கள். பயணிகளுக்கான பழைய கைநூலொன்று, பின்னேரம் உலாவ இதைவிட நல்ல இடம் இல்லை என்று புகழ்ந்துவிட்டு, கடல் அவ்வளவு கிட்ட இருந்தும் அலைச்சத்தம் மட்டும் மேலே கேட்பதில்லை என்று போகிற போக்கில் சொல்லியிருந்தது. அடுத்து வந்த கைநூலில் குன்று இல்லை. அடுத்த வரைபடத்திலும் இல்லை. வெட்டினார்கள் என்றோ, மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்றோ ஒரு வரி கிடையாது. இருந்தது, பிறகு இல்லை.

இன்றைக்குக் காலையில்தான் அவர் மெல்லிய தாளில் ஒல்லாந்தர் படத்தைப் பிரதியெடுத்து, இப்போதைய வீதிப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார். கோயிலும் துறைமுக முனையும் பொருந்தின. குன்று இந்த ஒழுங்கையின் மேல் வந்து உட்கார்ந்தது. அதன் நட்டநடுவில் இந்த வீடு. கண்டுபிடித்த சந்தோசம் ஒரு கணந்தான். வீடு நிற்பது குன்றின் உச்சியில் அல்ல, வயிற்றுக்குள் என்பது பிறகுதான் உறைத்தது. அவர் தாளை மடித்து வைத்தார். அதற்குப் பிறகே அந்தக் காலடிகள்.

மத்தியானம் ஊரடங்கு போட்டார்கள். ஒழுங்கையை ஆமி சுற்றிவளைத்தது. எல்லாரும் அடையாள அட்டையோடு றோட்டுக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கி முதலில் சிங்களத்திலும் பிறகு கொச்சைத் தமிழிலும் கத்தியது. மாஸ்டர் தானே போய்விடுகிறேன் என்றார். பேர்ணடெற் விடவில்லை. முன்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, குசினிக் கதவால் வெளியே போகத் திரும்பினா.

"நீங்க உள்ளுக்கே இருங்க மாஸ்டர். வீட்ல ஒருத்தரும் இல்ல எண்டு நான் சொல்லிக்கிறன்."

"அக்கா, உங்களுக்கு வில்லங்கம் வரும்."

"வந்தா மாதா பாத்துக்குவா."

குசினிக் கதவு சாத்துப்பட்டது. செருப்புச் சத்தம் சீமெந்து முற்றத்தில் ஓரடி போனது. நின்றது. ஒலிபெருக்கியும் ஒரு சொல்லின் பாதியில் நின்றது. நாய், காகம், தூரத்து ஜீப், எல்லாமே. முங்கிக் குளிக்கும்போது காதுக்குள் தண்ணீர் அடைப்பதைப் போல ஓர் அடைப்பு. தன் மூச்சு அவருக்குப் பெரிதாகக் கேட்டது.

பிறகு வாசம். மழையே இல்லாத மாதத்தில் ஈர மண்ணின் வாசம், கிழங்கு பிடுங்கின குழியின் வாசம், சுவர்களில் இருந்து கசிந்து வந்தது. யன்னல் கண்ணாடியில் இருந்த வெளிச்சம் மஞ்சளாகி, தேநீர்ச் சாயமாகி, அணைந்தது. ஓட்டு இடுக்குகளால் தூசி சன்னமாகக் கொட்டியது. மேலே இப்போது ஒருவரல்ல, பலர். ஒரு பெண் சிரித்தாள், மிக உயரத்தில். குடை நுனி ஒன்று நிலத்தைக் குத்திக் குத்தி நடந்தது.

கூரையைத் தாங்கும் வளை முறுகியது.

மாதக்கணக்காக றோட்டை நினைத்தாலே நடுங்கிய மனுசனுக்கு இப்போது றோட்டைத் தவிர வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆமி பிடிக்கட்டும். அடிக்கட்டும். வெயிலில் நிற்கவேண்டும். முன்கதவின் தாழ்ப்பாள் அசையவில்லை. யன்னலுக்குத் தடவிக்கொண்டு போய் நெருப்புக்குச்சி கிழித்தார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மண். அதில் அமுங்கி ஒரு மண்புழு நெளிந்தது.

குசினிக்கு ஓடினார். கதவை இழுத்தார். திறந்தது.

மண் சரிந்து விழவில்லை. கதவு நிலையை நிறைத்து, செங்குத்தாக, இறுகி நின்றது. வேர்கள் அறுபடாமல் குறுக்கே ஓடின. நேற்று வந்த மண் அல்ல. நூறாயிரம் மழை குடித்த மண்.

இன்னொரு குச்சி.

நெஞ்சுயரத்தில் விரல்கள். பேர்ணடெற்றின் கலியாண மோதிரம். அடையாள அட்டையின் ஒரு மூலை.

விரல்கள் அசைந்தன.

"அக்கா."

குரல் வாயைத் தாண்டவில்லை. அகப்பையை எடுத்துக் கிண்டினார். காம்பு முறிந்தது. நகத்தால் தோண்டினார். கல். விரல்கள் அவருடைய கையைத் தேடிக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டன. சூடாக இருந்தன. உயிரோடு இருக்கிறா. அவர் இரண்டு கையாலும் பற்றி, நிலையில் காலை ஊன்றி இழுத்தார். இழுத்தார்.

வரவில்லை.

குச்சி அணைந்தது. இருட்டில் அவர் விடவில்லை. அவவும் விடவில்லை.

அதற்குச் சற்றுக் கீழே மண் உதிர்கிற சத்தம் கேட்டது. ஏதோ ஒன்று வெளியே வந்து, அவருடைய சட்டைக் கையைத் தடவி, மணிக்கட்டைச் சுற்றி மூடியது. ஐந்து விரல்கள். வேரைப் போல வறண்டவை. அதில் சூடு இல்லை.

அதற்குப் பக்கத்தில், இன்னொன்று.