பிடரியில் ஒட்டிய வெயில்

டெலிபோன் அலறியது!

லேப் டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே ரிசீவரைத் தோளில் இடுக்கினாள்.

"டாக்டர்! எங்க வீட்டுக்காரரோட பிடரி மச்சம்... ரிசல்ட் வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா. முதல்ல ஒண்ணு சொல்லுங்க. அவருக்கு என்ன வேலை?"

"சினிமா தியேட்டர் ஆபரேட்டர். இருபது வருஷமா இருட்டு ரூம். பகலெல்லாம் தூக்கம்!"

"கார் விபத்துல எரிஞ்சு செத்த அவரோட அண்ணனுக்கு?"

"ரெட்டைப் பிள்ளைங்க டாக்டர். அவர் சர்வேயர். வெட்டவெளியில குனிஞ்சு குனிஞ்சு நிலம் அளக்கறவர்... ஏன்?"

லேப் டாக்டர் லைனைத் துண்டித்தாள்.

உடனே வேறு நம்பரைத் தட்டினாள்.

போலீஸ் சாம்பிள்களால் மனப்பாடமாகிப் போன நம்பர். இன்ஸ்பெக்டரின் செல்.

"சார்! நில மோசடி கேஸ்ல நீங்க தேடின சர்வேயர் சாகலை. தம்பி சட்டையைப் போட்டுக்கிட்டு, தம்பி வீட்டுலயே இருக்கான்!"

இன்ஸ்பெக்டர் அதிரவில்லை. அதுதான் அவளுக்கு விசித்திரமாக இருந்தது.

"ரெட்டைங்களுக்கு டி.என்.ஏ. ஒண்ணுதானேம்மா? எப்படிப் பிரிப்பீங்க?"

"எழுத்து ஒண்ணுதான் சார். ஆனா எந்த ஜீன் முழிச்சிருக்கணும், எது தூங்கணும்னு அதுமேல ரசாயன அடையாளம் ஒட்டியிருக்கும். எபிஜெனடிக்னு சொல்வோம். வருஷக்கணக்கா வெயில் பட்டா அது தாறுமாறாயிடும். விபத்துக்கப்புறம் காயம்னு கட்டு போட்டு ஆறு மாசம் வீட்டுக்குள்ள படுத்ததுல மேல் கறுப்பு போயிடுச்சு... இது போகலை! ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த இடுப்புத் தோல் சுத்தம். பிடரித் தோல் வெயில்ல வறுத்தெடுத்தது. இருட்டு ரூம்ல ஏது சார் வெயில்?"

க்ளிக்!

கதவு உள்பக்கம் தாழிடப்பட்டது.

அவன்! ரிசல்ட் வாங்க வந்த சர்வேயர்.

கழுத்தில் பிளாஸ்திரி. கையில், ட்ரேயிலிருந்து எடுத்த கத்தி.

லேப் டாக்டர் ரிசீவரை வைக்கவில்லை. மேஜையில் மெல்லக் கிடத்தினாள்.

"டாக்டரம்மா ரொம்பப் படிச்சுட்டீங்க," சிரித்தான். "இவ்வளவு ஆகாது."

"கிட்ட வராதே... கத்துவேன்!"

"கூடப் பிறந்தவனையே காருக்குள்ள வெச்சுக் கொளுத்தினேன். எனக்கு நீ எம்மாத்திரம்?"

கத்தி உயர்ந்தது...

டமார்!

கதவு பெயர்ந்து விழுந்தது. இன்ஸ்பெக்டரின் பூட்ஸ். பின்னாலேயே ரெண்டு கான்ஸ்டபிள்கள். கத்தி தரையில் உருண்டது.

"போனை வைக்காம விட்டீங்களே, புண்ணியம்! ஒரு வார்த்தை விடாமக் கேட்டேன்."

"அதுக்குள்ள எப்படி சார் வந்தீங்க?"

"நான் உங்க ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்கறேன். காலையிலேயே இந்தம்மா இழுத்துட்டு வந்துட்டாங்க."

வாசலில் ஆபரேட்டரின் மனைவி. கண்கள் சிவந்திருந்தன. குரல் நடுங்கவில்லை.

"மச்சம் வளருதுன்னு நான்தான் பொய் சொன்னேன் டாக்டர். பயமுறுத்தினாத்தானே உங்ககிட்ட தோலைக் குடுப்பான்? எங்க வீட்டுக்காரருக்கு லீவு நாள்லகூட ராத்திரி தூக்கம் வராது. இவன் எட்டு மணிக்கே குறட்டை!"

"பொய் இல்லைம்மா," என்றாள் லேப் டாக்டர் மெதுவாக. "காவல் காக்கற ஜீனுக்குப் பூட்டு விழுந்திருக்கு. அது புத்துநோய். நிஜமாவே."

சர்வேயரின் முகம் வெளுத்தது.

"டாக்டர்... நான் பொழைக்கணும்! என்ன பண்ணணும்?"

"ஆரம்பம்தான். வெட்டி எடுத்துடலாம். ஆனா ஆயுசுக்கும் வெயிலே படக்கூடாது."

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"ரூம் ரெடி சர்வேயர் சார்! எட்டுக்கு ஆறு. வேணும்னா அளந்து பாத்துக்குங்க... ஜன்னலே கிடையாது!"